தொழுநோய்: நாலடியார்க் கருத்தும் கரிகிரி மருத்துவமும்

நாலடியாரில் தீவினையச்சம் என்னும் அதிகாரத்துள் 123-ஆம் செய்யுள் தொழுநோயைப் பற்றிக் கூறுவது. முற்பிறப்பில் நண்டினை விரும்பி அதன் காலை ஒடித்துத் தின்றவர்க்கு, அவ்வினை பழுத்து வந்தடைந்த காலத்தில், உள்ளங்கை மட்டும் எஞ்ச விரல்களெல்லாம் அழுகிப் போகும் நோய் உண்டாகும் என்பது அதன் கருத்து. எஞ்சிய கைக்குச் சங்குமணி உவமையாக வந்துள்ளது.

சில ஆண்டுகட்கு முன்னர் முதுகலை வகுப்பில் இச்செய்யுளை நாம் நடத்தியபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இந்நோய் உடையவர் வீட்டுப் பிள்ளை இவ்வகுப்பில் இருந்தால் இப்பாட்டை எப்படி விளக்குவீர்கள்?" என்று வினவினார். அவர் திருத்தணியை அடுத்த கனகம்மாசத்திரத்துப் பக்கத்தவர். நூல் எழுந்த காலத்துச் சமண சமயக் கொள்கை அது என்றும், கொல்லாமையை வற்புறுத்தலே புலவர் நோக்கம் என்றும் நாம் விடை கூறினோம். விடை பிழையன்று, ஆயினும் வினவப்பட்டது அதுவன்று. நூலின் நோக்கத்தை அவர் கேட்கவில்லை. நூல் கூறும் செய்தி மெய்யா என்பதையும், மெய்யன்றேல் அதனை யாங்ஙனம் கற்பிப்பது என்பதையுமே கேட்டார். அவ்வினாவிற்கு உரிய விடையைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை. மருத்துவம் நம் துறையன்று எனினும், ஒரு செய்யுளின் பொருளுக்கு மருத்துவம் வேண்டப்படுமிடத்து அதனைக் கேட்டறிதல் உரை காண்பார்க்குக் கடனாகும்.

முதற்கண் சொற்களை நோக்குவாம். தொழுநோய், குட்டம், பெருநோய், பெருவியாதி, மகாரோகம் என இந்நோய்க்குத் தமிழில் பல பெயர்கள் வழங்கி வந்துள்ளன. குட்டம் என்பது குஷ்டம் என்னும் வடசொல்லின் திரிபு; ஆழ்ந்த நீர்நிலையைக் குறிக்கும் குட்டமும், தொல்காப்பியர் செய்யுளியலிற் கூறும் குட்டமும் வேறு சொற்கள். தொழுநோய் என்பதில் உள்ள 'தொழு' எதனைக் குறித்தது என்பதற்குப் பலர் பலவாறு காரணங் கூறுப. விரல் மடங்கிய கை தொழுவது போலத் தோன்றலின் அப்பெயர் பெற்றது என்பாரும் உளர். தொழு என்பது மாட்டுக் கொட்டிலையும், குற்றவாளிகளை மாட்டும் மரத்தையுங்கூடக் குறிக்குமாதலின் இவ்விளக்கத்தை முடிபாகக் கொள்ளுதற்கில்லை.

பெருநோய் என்பதே இவற்றுள் ஆராய்தற்குச் சுவையுடையது. நோயின் பெயரை வாயாற் சொல்லுதற்கு அஞ்சி, அதன் பருமையால் மட்டும் சுட்டிய சொல் இது. இலக்கணத்தார் தகுதி வழக்கென்று கூறும் மங்கலமும் இடக்கரடக்கலும் இதிற் கலந்துள்ளன. ஆனால், இத்தகைய சொற்களுக்கு நெடுநாள் வாழ்வு இல்லை. மறைத்தற்குக் கொண்ட சொல்லே சின்னாளில் நோயின் நாற்றத்தை ஏற்றுக்கொள்ளும். பின்னர் அதனையும் மறைத்தற்கு வேறொரு சொல் வேண்டப்படும். குஷ்டரோகி என்பது நோயைக் குறித்த பெயராய்த் தொடங்கி வசைச்சொல்லாகவே முடிந்ததனை யாவரும் அறிவர். 1948-ஆம் ஆண்டில் கியூபா நாட்டு அவானா நகரிற் கூடிய அனைத்துலகத் தொழுநோய் மாநாடு, இதற்கு ஒத்த ஆங்கிலச் சொல்லையும் கைவிட்டுத் 'தொழுநோய் உடையவர்' என்னும் பொருளில் வரும் தொடரையே வழங்குதல் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பெயரால் நேரும் தீங்கு வசையளவில் நின்றுவிடவில்லை. பண்டை மருத்துவ நூலார் குட்டம் பதினெட்டு வகைப்படும் என்பர். தோலில் நிறம் மாறித் தோன்றும் நோய்கள் பலவும் அப்பதினெட்டனுள் அடங்கின. தோலின் நிறமிழப்பாகிய வெண்குட்டம் தொழுநோயோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாதது. ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குப் பரவாதது. பெயரின் ஈற்றில் நின்ற ஒரு சொல்லால் எத்தனையோ இளம்பெண்களின் திருமணங்கள் தடைப்பட்டன. 'வெண்புள்ளி' என்னும் சொல் அண்மைக் காலத்தில் வழக்கிற்கு வந்தமை இதனாலேயாம். இம்மயக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. எபிரேய மறைநூல் கூறும் 'சாராத்' என்னும் மாசு மனிதர் உடலில் மட்டுமன்றி ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றுவது. அது தொழுநோயாக இருத்தல் இயலாது. கிரேக்க மொழிபெயர்ப்பில் அது 'லெப்ரா' என்றாகி, அவ்வழியே தமிழ் விவிலியத்துள் குஷ்டரோகம் என வந்தமர்ந்தது. சுவரிற் பூத்த பூஞ்சணத்திற்கு இட்ட தீட்டும் நோயுற்ற மனிதர்மேல் ஏறிற்று.

மாணவரது ஊர்ப்புறத்து மலைக்கோயிலுக்கும் இந்நோய்க்கும் இலக்கிய வழியான தொடர்பு ஒன்றுண்டு. அருணகிரிநாதர் தம் இளமையிற் கூடா ஒழுக்கத்தால் இந்நோய் எய்தி, உயிர்விடத் துணிந்து, முருகனால் தடுத்தாட்கொள்ளப்பட்டார் என்பது வழிவழி வரும் செய்தி. இது வரலாறன்று, செவிவழிக் கதையே என்பதனை அறிஞர் அறிவர். அவர் திருத்தணியைப் பாடிய திருப்புகழ்களுள் ஒன்று நோய்களை நிரல்படுத்தி, அவை பிறவிதோறும் தம்மை நலியாதிருக்க வேண்டுவது. இருமல், முயலகன், வாதம், நீரிழிவு, தலைவலி, சோகை, கண்டமாலை, பெருவயிறு, ஈளை, சூலை என அவர் விரித்தவற்றுள் தொழுநோயின் பெயர் வெளிப்படையாக இல்லை; எஞ்சிய நோய்கள் என்னும் பொதுச்சொல்லுள் அடங்கியதாகவே கொள்ளல் வேண்டும். கதை வற்புறுத்தும் நோயைப் பாட்டுப் பெயர் கூறாது விடுத்தமை கருதத்தக்கது. இருப்பினும் ஒழுக்கக் கேட்டின் பயன் இந்நோய் என்னும் எண்ணம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அக்கதையே போதிய சான்று.

இனி மருத்துவர் கூறுவதைக் காண்பாம். நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் 1873-ஆம் ஆண்டில் அர்மாயர் ஹான்சன் என்னும் மருத்துவர் இந்நோயை விளைக்கும் நுண்கிருமியைக் கண்டார். அக்கிருமி மிக மெதுவாகப் பெருகுவது; ஒன்று இரண்டாதற்கு ஏறத்தாழ இரு கிழமைகள் ஆகும். ஆதலின் தொற்றிய பின் நோய் வெளிப்பட ஐந்தாண்டுகள் ஆதல் பெரும்பான்மை. இருபது ஆண்டுகளும் ஆகலாம். இந்நீண்ட இடைவெளியே காரணகாரியத் தொடர்பை மக்கள் காணவொட்டாது மறைத்தது. காரணம் கண்ணிற்குத் தோன்றாதவிடத்து முற்பிறப்பு வந்து நுழைந்தது. மருத்துவம் பெறாத நோயரோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்வார்க்கே பெரும்பாலும் இது பரவும். மக்களுட் பெரும்பாலார்க்கு இக்கிருமியைத் தடுக்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு. பெற்றோர் வழியாகப் பிறப்பிலேயே வரும் நோயன்று இது.

கிருமி விரும்பி உறைவது உடலின் குளிர்ந்த பகுதிகளில். தோலும், தோலை ஒட்டி ஓடும் நரம்புகளும், மூக்கின் உட்புறமும் அதன் இருப்பிடங்கள். நிறம் வெளிறி உணர்ச்சியற்ற தேமல் தோன்றுதல் முதற்குறி. முழங்கையின் உட்புறத்தே ஓடும் நரம்பு கெடின் சுண்டுவிரலும் அணிவிரலும் மடங்கிக் கொள்ளும். முகநரம்பு கெடின் இமை மூடாது. கணைக்கால் நரம்பு கெடின் உள்ளங்கால் உணர்ச்சியறும்.

மருந்தின் வரலாறு சுருக்கமாகக் கூறின் அமையும். நீரடிமுத்து எண்ணெய் நம் நாட்டு மருத்துவத்தில் தொன்றுதொட்டு வழங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலைமுறை மருத்துவரும் அதனையே ஊசி வழியாக ஏற்றினர். நோவு மிகுதி, பயன் சிறிது. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கார்வில் மருத்துவமனையில் சல்போன் இனத்து மருந்தொன்று பயன் தருதல் காணப்பட்டது. 1946-இல் செங்கற்பட்டில் இராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவர் அவ்வினத்தின் தாய்ப்பொருளாகிய டாப்சோனையே நோயர்க்கு அளித்து நலங் கண்டார். விலை மலிந்த அம்மருந்து பின்னர் மாத்திரையாகி ஊர்தோறும் சென்றது. ஆயின் பலர் அதனை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டியிருந்தது. காலப்போக்கிற் கிருமியும் அதற்கு இசைந்துவிட்டது. ஆகவே 1981-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் டாப்சோனோடு ரிபாம்பிசின், குளோபசிமின் என்பனவற்றையும் கூட்டித் தரும் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. இன்று நோயின் வகைக்கேற்ப ஆறு திங்களோ பன்னிரண்டு திங்களோ உண்டால் போதும். முதற்சில வேளை மருந்திலேயே பிறர்க்குப் பரப்பும் தன்மை நீங்கிவிடும். அரசு மருத்துவ நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றது.

இதுகாறும் கூறியன கிருமியைப் பற்றியன. நாலடியார் கூறுவதோ விரலைப் பற்றியது. கிருமி ஒழிந்த பின்னரும் விரல்கள் குறைந்துகொண்டே சென்றன. மருத்துவரும் இதற்கு விடை காணாது நெடுநாள் மயங்கினர். நோயே தசையை அழுகச் செய்கின்றது என்றே அவர்களும் எண்ணினர்; நாலடியார்ப் புலவரும் இக்கால மருத்துவரும் இவ்வொன்றில் ஒத்த கருத்தினராய் இருந்தனர் என்பது வியப்பன்றோ!

இக்கருத்தை மாற்றியவர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர். அவர் 1914-ஆம் ஆண்டில் நம் கொல்லிமலையிற் பிறந்தவர். 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். 1947-இல் காக்ரேனைக் காணச் செங்கற்பட்டுக்குச் சென்றவர், ஆங்கிருந்த நோயர் ஒருவரது மடங்கிய கையைப் பற்றி, இறுகப் பிடிக்குமாறு கூறினார். செயலற்றது என்று கருதப்பட்ட அக்கை அவர் கையை நோவுமாறு நெரித்தது. கையின் எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை; சில நரம்புகள் கெட்டவழி அவற்றுக்குரிய சில தசைகளே வலியிழந்தன, ஏனையவை முழு வலிமையோடு உள்ளன என்பது அந்நொடியில் அவர்க்குப் புலனாயிற்று. நல்ல தசையின் நாணைப் பிரித்து, செயலற்ற தசையின் பணியைச் செய்யுமாறு மாற்றிக் கட்டினால் விரல் நிமிரும் என்று துணிந்தார். அங்ஙனமே செய்து மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். தொழுநோயரின் தசை அறுத்தால் ஆறாது என்று உறுதியாகக் கூறிய காலம் அது. அறுத்த புண்கள் ஏனையோர்க்கு ஆறுவது போலவே ஆறின.

ஆறும் தசை ஏன் அழுக வேண்டும்? இவ்வினா அவரை விடவில்லை. நோயர் ஒவ்வொருவரும் நாள்முழுதும் என்ன செய்கின்றனர் என்று அருகிருந்து நோக்கினார். சுடுகலத்தை வெறுங்கையாற் பற்றினர். சுத்தியற் காம்பின் சிலாம்பு உள்ளங்கையைக் கிழிப்பதை அறியாது வேலை செய்தனர். காலில் முள்ளோடு நெடுந்தொலைவு நடந்தனர். துருவேறிய பூட்டொன்றைப் பிராண்ட் திறக்க மாட்டாது நின்றபோது நோயுற்ற சிறுவன் ஒருவன் திறவுகோலைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலில் எலும்பு தெரியுமளவு வெட்டுப்பட்டிருந்தது, அவனோ அதனை அறியவில்லை. நோவு என்னும் காவலன் இல்லாத கையில் அளவுக்கு மிஞ்சிய வலிமையும் பகையாகின்றது. அங்ஙனமாயினும் சிலர் இரவில் உறங்கச் சென்று காலையில் விரற்குறையோடு எழுந்தனர். இதற்குரிய காரணம் அறிய இரவில் விழித்திருந்து நோக்கியபோது எலிகள் வந்து கடித்தல் காணப்பட்டது. உணர்ச்சியற்றவர் விழித்தெழவில்லை. அதன்பின் வீட்டிற்குச் செல்லும் நோயர்க்குப் பூனையொன்றும் உடன் கொடுத்தனுப்பப்பட்டது. மருத்துவ வரலாற்றில் இத்தகைய மருந்துச் சீட்டு வேறு யாண்டும் எழுதப்பட்டதாக நாம் அறியோம்.

ஆகவே விரல் நோயால் அழுகுவதன்று. காயத்தாலும், தீயாலும், காயத்தில் நுழையும் பிற கிருமிகளாலும் சிறிது சிறிதாகக் குறைவது. குறையாது காத்தல் இயலும். அடுப்பங்கரையிற் பிடிதுணி, காம்பு தடித்த கருவிகள், மெல்லிய நுண்ணறை இரப்பரால் ஆன செருப்பு, நாள்தோறும் கைகால்களைக் கண்ணாற் பார்த்துச் சோதிக்கும் பழக்கம் ஆகிய எளியனவே அதற்கு வேண்டுவன. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சி மருத்துவமனை இவற்றைப் பரப்புவதில் முன்னின்றது.

கை நிமிர்ந்தவர்களின் கதை அவ்வளவில் முடியவில்லை. அறுவை முடிந்து வீடு சென்றவருட் சிலர் வாட்டத்தோடு திரும்பி வந்தனர். நிமிர்ந்த கையைக் கண்டு எவரும் பிச்சையிடவில்லை. தழும்பைக் கண்டு எவரும் வேலையும் கொடுக்கவில்லை. மடங்கிய கை சோறு ஈட்டித் தந்தது. நல்ல கை பட்டினி போட்டது! இரத்தற்கு உதவாத கையை எமக்குச் செய்துவிட்டீர் என்று அவர்கள் முறையிட்டதனைப் பிராண்ட் பிற்காலத்தில் பலவிடத்தும் நினைவுகூர்ந்துள்ளார். அறுவை மருத்துவர் ஒருவர் தச்சுப்பட்டறை தொடங்க நேர்ந்தமை இதனால்தான். வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பை அமைத்து, மரப்பொம்மை முதலியன செய்யும் தொழில்களை அவர்களுக்குக் கற்பித்தார்.

இதனை ஒட்டி நினைக்கத்தக்கது செங்கற்பட்டு மாவட்டத்துப் போலம்பாக்கத்தில் நிகழ்ந்தது. பெல்ஜிய நாட்டு மருத்துவர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ் 1955-இல் அங்குப் பணி தொடங்கினார். உடனிருந்து, பின்னர் அதனை ஏற்று நடத்தியவர் கிளேர் வெல்லுட் என்னும் பெண் மருத்துவர். அவர் இந்தியக் குடியுரிமை பெற்று இந்நாட்டவராகவே வாழ்ந்தவர். நோயரை வீட்டினின்றும் பிரித்துச் சுவருக்குள் வைப்பதே மருத்துவம் என்றிருந்த முறையை அவர்கள் தலைகீழாக்கினர். குறித்த கிழமையில் குறித்த சாலையோர மரத்தடிக்கு மருத்துவர் வண்டியில் வந்து சேர்வர். சுற்றுப்புறத்து நோயர் அங்குக் கூடுவர். மாத்திரை பெற்று வீடு திரும்புவர். மருத்துவமனை வாயிலை மிதிக்க அஞ்சியவரும் மரத்தடிக்கு வர அஞ்சவில்லை. இதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. பட்டப்பகலில், வழிப்போக்கர் பார்க்க, மருத்துவர் ஒருவர் நோயரின் கையைத் தம் கையால் தொட்டுப் பார்த்தார். ஆயிரம் சொற்பொழிவுகள் செய்யாததை அக்காட்சி செய்திருக்கும் என்பது நம் கருத்து.

நோயருள்ளிருந்தே எழுந்த தலைவரையும் இங்குக் குறித்தல் வேண்டும். டி. என். ஜகதீசன் இளமையிலேயே இந்நோய்க்கு ஆளானவர். ஆங்கில இலக்கியப் புலமையுடையவர். சீனிவாச சாஸ்திரியாரின் கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர். தென்னார்க்காட்டு மழவந்தாங்கலில் கஸ்தூரிபா பெயரால் அமைந்த தொழுநோய் நிலையத்தின் பணியில் முன்னின்றார். 1957-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் நோயை மறைக்காது எழுதிய புலவர் ஒருவரை நம் துறையினர் அறியாதிருத்தல் வருந்தத்தக்கது.

இத்தனையும் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1954-ஆம் ஆண்டில், 'இரத்தக் கண்ணீர்' திரைப்படம் வெளிவந்தது. திருவாரூர் கே. தங்கராசு எழுத, எம். ஆர். இராதா மேடையிலும் திரையிலும் நடித்த அக்கதையில், தீயொழுக்கத்தால் நாயகன் தொழுநோயுற்று இழிவெய்துகின்றான். மூடநம்பிக்கைகளைச் சாடிய நடிப்பு அது. எனினும் இந்நோய் ஒழுக்கக் கேட்டின் பயன் என்னும் ஒரு நம்பிக்கையை அது சாடாது விட்டது, வளர்த்தும் விட்டது. செங்கற்பட்டில் டாப்சோன் வழங்கத் தொடங்கி எட்டாண்டுகள் ஆகியிருந்தன. முற்பிறப்பை மறுத்தவர் மேடையிலும் நோயர் குற்றவாளியாகவே நின்றார். பழவினை இப்பிறப்பு வினையாயிற்று. வேறு மாற்றம் இல்லை.

சட்டமும் இவ்வெண்ணத்தின் வழியே நின்றது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் இரந்துண்ணும் தொழுநோயரைப் பிடித்து அடைக்க இடந்தந்தது. உணவுப்பண்டம் செய்தல், பொதுக்கிணற்றில் நீரெடுத்தல் முதலியவற்றினின்றும் அவர்களை விலக்க இசைந்தது. மருந்து கண்டு எழுபது ஆண்டுகட்குப் பின், 2016-இல்தான் அது நீக்கப்பட்டது. கணவன் மனைவியருள் ஒருவர்க்குத் தொழுநோய் உண்மை மணவிலக்கிற்குக் காரணமாகும் என்ற விதி 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிற்று. பத்தாயிரவர்க்கு ஒருவர்க்கும் குறைவு என்னும் அளவினை இந்தியா 2005-ஆம் ஆண்டு இறுதியில் எய்தியதாக அறிவிக்கப்பட்டது. அதனால் நோய் ஒழிந்ததென்று மக்கள் கொண்டனர்; அது பிழை. உலகிற் புதிதாகக் காணப்படும் நோயருட் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்நாட்டினரே.

மீண்டும் செய்யுளுக்கு வருவாம். உள்ளங்கை நிற்க விரல்கள் மட்டும் குறைதலைப் புலவர் கூறியது கண்கூடாகக் கண்டு கூறியதே. மருத்துவர் இன்றும் காண்பது அக்கையைத்தான். கண்ட செய்தி மெய். கூறிய காரணமே பொய். நண்டின் காலும் மனிதர் விரலும் வடிவால் ஒத்தலின், ஒடித்த கால்களுக்கு ஈடாக விரல்கள் போயின என்று கற்பனை இயைத்தது. செயலும் தண்டனையும் ஒரே உருவில் அமைதல் கேட்போர் நெஞ்சில் தைக்கும், தைத்தற்காகவே பாடப்பட்டது. ஆயின் கொல்லாமைக்குச் சான்றாக நிறுத்தப்பட்டவர் உயிருள்ள நோயர் என்பதனைப் புலவரும் உரைகாரரும் எண்ணிற்றிலர். மணிமேகலையில் ஆபுத்திரன் மதுரை அம்பலத்தில் கண்ணிலார், செவிகேளார், காலிழந்தார், பேணுவாரற்றார், பிணியுற்றார் ஆகியோரை அழைத்து உண்பிக்கின்றான். அவர்களது முன்வினையை அவன் வினவவில்லை. வினைக் கொள்கை உடைய நூலே அதுவும். ஆகவே வினைக் கொள்கையைத் தழுவியமையால் நாலடியார் இங்ஙனம் கூறுதல் தவிர்க்கவியலாதது என்று அமைதி கூறுதலும் பொருந்தாது.

இவ்வாண்டு அச்செய்யுளை நடத்துங்கால், சொற்பொருள் கூறி முடித்தபின் மேற்கூறிய செய்திகளையும் உரைக்குறிப்பாகத் தந்தோம். விரல் அழுகுவதில்லை, காயத்தாற் குறைகின்றது என்று கரும்பலகையில் எழுதினோம். முன்னர் வினாவிய மாணவர் இப்போது ஆராய்ச்சி மாணவராய் நம் துறையிலேயே இருக்கின்றார். அன்று வகுப்பின் பின்வரிசையில் வந்து அமர்ந்திருந்தார். வகுப்பு முடிந்ததும் அருகில் வந்து, தம் பாட்டியாருக்கு வலக்கையில் இரண்டு விரல் இல்லை என்றும், மாத்திரை உண்டு நோய் தீர்ந்த பின்னரே அவை போயின என்றும் கூறினார். எப்படிப் போயின என்று கேட்டோம். "அடுப்பங்கரையில்தான் ஐயா, அடை சுடும்போது" என்றார்.